கம்பத்திலிருந்து கடற்கரைக் கலாசாலைக்கு

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கம்பத்தில் பஸ் ஏறினோம். தேனிக்கு இருபத்தைந்து மைல், சார்ஜ் எட்டணா. மழைக்காலத்தில் வெளியூர் போகாதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவன் நான். டாக்டர் ஒருவரிடம் கம்பவுண்டராக இருக்கிறேன். மருந்தோடு இந்தப் புத்திமதியையும் இலவசமாகக் கொடுப்பேன். அப்படிப்பட்டவன் கார்த்திகை அடைமழையில், ஒழுகுகிற பஸ்ஸில், மடியில் இரண்டு சீப்பு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் சுருளிவேல் அண்ணனுக்காக.

இது யுத்தத்துக்கு முந்திய கார்த்திகை. இத்தனை வருஷம் கழித்து ஏன் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆட்களின் பேரை மாற்றியிருக்கிறேன். ஊர்களின் பேரை மாற்ற மனம் வரவில்லை. கலாசாலையின் பேரைச் சொல்லப் போவதில்லை. சென்னைப் பட்டணத்தில் கடலைப் பார்த்தபடி, மணிக்கூண்டும் சிவப்புச் சுவர்களுமாக நிற்கிற பழைய சர்வகலாசாலை என்றால் போதும்.

சுருளிவேல் அண்ணன் எனக்கு உறவில்லை, பக்கத்து வீடு. இரண்டு போகம் நெல்லும் கொஞ்சம் வாழையும் வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய ஒரே மகன் தங்கவேலு மதுரையில் இண்டர்மீடியட் முடித்துவிட்டு, அந்தக் கடற்கரைக் கலாசாலையில் பி.ஏ. ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வருஷம். மாதம் ஒரு கடிதம் வரும். அதை வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு. ஒரு தடவை வாசித்தால் அண்ணனுக்குப் போதாது. சாயங்காலம் டிஸ்பென்சரிக்கு வந்து, "தம்பி, அந்தப் புறாவப் பத்தி எழுதியிருந்தானே, அத மட்டும் வாசி" என்பார். முதல் வருஷமே, நல்ல மார்க்கு வாங்கியதால் படிப்புச் சம்பளம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், பணம் அனுப்ப வேண்டாம் என்று பையன் எழுதிவிட்டான். அந்த வரியை நான் இருபது தடவையாவது வாசித்திருப்பேன்.

பயணத்துக்குக் காரணம் ஒரு கல்யாணம். அண்ணனுடைய மனைவிக்குத் தம்பி ஒருவர் சின்னமனூரில் இருந்தார், ராமசாமி என்று. அவர் மகள் ராசாத்தி தங்கவேலுக்கு முறைப்பெண். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மகள் மேல் அத்தை மகனுக்கு உரிமை உண்டு. அத்தை வீட்டார் வெற்றிலைத் தட்டு வைத்து "விட்டுக்கொடுத்தோம்" என்று வாயால் சொன்னால் தவிர அந்தப் பெண்ணை வெளியில் கொடுக்க முடியாது. ராசாத்தி மூன்று வருஷமாகக் காத்திருந்தாள். உத்தமபாளையத்திலிருந்து நல்ல இடம் ஒன்று கேட்டு வந்திருந்தது. ராமசாமி கடைசியாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: தை மாதம் தாலி கட்டிவிட்டு மீதியைப் படிக்கட்டும், இல்லையென்றால் தட்டு வையுங்கள். மகனிடம் நேரில் கேட்டுப் பதில் கொண்டுவரத்தான் போனோம்.

"ஒரு கார்டு போட்டுட்டுப் போவோம் அண்ணே" என்று நான் சொன்னேன்.

"பெத்த பிள்ளையப் பாக்கப் போறதுக்குக் கடுதாசியா? நான் என்ன ஜில்லாக் கலெக்டரா?"

எங்கள் ஊர் வழக்கம் அப்படித்தான். சம்பந்தி வீட்டுக்கும் சர்க்கார் கச்சேரிக்கும் போனால் முன்கூட்டிச் சொல்வார்கள். சொந்தப் பிள்ளை இருக்கிற இடத்துக்குச் சொல்லிவிட்டுப் போவது, அவனை அந்நியனாக்குகிற மாதிரி. எனக்கும் அது சரியென்றே பட்டது. முக்காலணாக் கார்டு ஒன்று போட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது.

வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயில் பக்கம் வந்ததும் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். பஸ்ஸிலிருந்த எல்லாரும் கும்பிட்டோம். அண்ணன் ஒரு காசை எடுத்துக் கோயில் பக்கம் எறிந்தார்.

"எங்கன பயணம் பெரியய்யா?" என்று டிரைவர் கேட்டார்.

"பட்டணத்துக்கு. எங்க மகன் அங்கன பி.ஏ. படிக்கிறாக."

மகனைப் பற்றி வெளியாளிடம் பேசும்போது மட்டும் அண்ணனுக்கு இந்த மரியாதை வந்துவிடும். டிரைவர் திரும்பி ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். அதற்குப் பிறகு தேனி வரை பள்ளம் மேடு பார்த்து ஓட்டினார்.

தேனியில் எட்டரை மணிக்கு இறங்கினோம். மதுரைக்குச் சின்ன ரயில், நாற்பத்தேழு மைல், மூன்றாம் வகுப்புக்குப் பன்னிரண்டணா. அந்த ரயிலை யுத்தத்தில் தண்டவாளத்தோடு பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது படிக்கிறவர்கள் தேடிப் போக வேண்டாம். ஆண்டிபட்டிக் கணவாயில் அது ஏறுகிற வேகத்தில் கீழே இறங்கி நடந்தே மேலே போய்க் காத்திருக்கலாம். ஜன்னலுக்குக் கதவு இல்லை. உசிலம்பட்டி வரும்போது என் சட்டை ஒரு பக்கம் முழுக்க நனைந்து, மறுபக்கம் முழுக்கக் கரி. மதுரை ஸ்டேஷனுக்கு எதிரே இரண்டணாவுக்குச் சாப்பிட்டோம். சாம்பாரைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பது மதுரைக்கு நான் செய்கிற மரியாதை. சாயங்காலம் பெரிய ரயில் ஏறினோம். அங்கிருந்து சென்னை முந்நூறு மைலுக்கு மேல்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி, எழும்பூர். அங்கேயும் மழை. ஸ்டேஷன் குழாயில் குளித்து, அண்ணன் கோடி வேட்டி கட்டிக்கொண்டார். நெற்றி நிறையத் திருநீறு. ஜட்காக்காரர் கடற்கரைக்குப் பத்தணா கேட்டார், ஏழணாவுக்கு வந்தார். வண்டி கடற்கரைச் சாலையில் திரும்பியதும் அண்ணன் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டுத் தண்ணியும் உப்பா?"

"ஆமாண்ணே."

"ஒரு வயலுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மணி ஒன்பதரை இருக்கும், கலாசாலை வாசலில் இறங்கினோம். உண்மையிலேயே பெரிய கட்டடம். மழையில் நனைந்த செங்கல் கறுத்துப்போய், மேலே மணிக்கூண்டு பாதி மேகத்துக்குள் இருந்தது. கோட்டுப் போட்ட பையன்கள் குடையோடு உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நான் எவ்வளவு சொல்லியும் போட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே போய் ஆபீஸில் விசாரிப்போம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பாடம் நடக்கிற நேரம். வாத்தியாரு முன்னால அவனக் கூப்பிட்டு நிறுத்தணுமா? மணி அடிக்கவும் வெளிய வருவான்ல, அப்பப் பாத்துக்கிருவோம். அது வரைக்கும் இதச் சுத்திப் பாப்போம். அவன் எழுதுனதெல்லாம் நேர்ல இருக்கும்ல."

அப்படித்தான் நாங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்களானோம். அங்கே வெளியூர்க்காரர்களைச் சுற்றிக் காட்டுவதற்கென்றே ஒரு சேவகர் இருந்தார். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, பித்தளை வில்லை. ஆளுக்கு இரண்டணா. ரேட் எழுதி ஒட்டியிருக்கவில்லை என்றாலும் எல்லாருக்கும் தெரிந்த ரேட் என்றார். ஐம்பது வயதுக்காரர், நல்ல குரல், ஒரே பாட்டைப் பல வருஷம் பாடியவரின் சரளம்.

முதலில் முகப்புப் படிக்கட்டு. "பாருங்க நைனா, படி நடுவுல எப்பிடி தேஞ்சிகீது! பாஸான பசங்கோ நடு நடுவா நடந்து தேச்சது. பெயிலானவன் அல்லாம் ஓரமா போயிடுவான். ஓரம் பாருங்க, கல்லு புச்சா கீது" என்றார்.

நான் சிரித்தேன். தங்கவேலு இதை முதல் வருஷமே எழுதியிருந்தான். அண்ணனும் முகம் மலர்ந்து, "எங்க மகன் எழுதியிருந்தாக" என்றார். படியின் நடுவில் காலை வைத்து ஏறினார்.

அடுத்தது மணிக்கூண்டு. "இங்க கீற புறா மணி அடிச்சா பறக்காது. லீவு நாள்ல மணி அடிக்க மாட்டோம் பாரு, அப்பதான் இன்னாடா ஆச்சுன்னு கொழம்பிப் பறக்கும்" என்றார் சேவகர். அண்ணனுக்குப் பிடித்த புறா. இந்தத் தடவை அவர் முகம் மலரவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. வார்த்தைக்கு வார்த்தை அதேதான் கடிதத்தில் இருந்தது, அந்த "குழம்பி" உட்பட.

புத்தகசாலையை வெளியிலிருந்து காட்டினார். அங்கே உள்ள நீள ஏணிக்குச் சக்கரம் இருப்பதைச் சொன்னார். அது போன வருஷக் கடிதம். வராந்தாவில் ஒரு வெள்ளைக்காரரின் சிலையைக் காட்டி, மூக்கு உடைந்து ஒட்டிய கதையைச் சொன்னார். அது இந்த ஆனிக் கடிதம். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மூன்று வருஷக் கடிதங்களையும் மனத்துக்குள் புரட்டினேன். ஒரு வாத்தியார் பேர்கூட அதில் இல்லை. சேர்ந்து படிக்கிற ஒரு பையனைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒரு பாடம் கஷ்டமாக இருக்கிறது என்றோ, இன்னார் திட்டினார் என்றோ எதுவும் கிடையாது. எல்லாம் படிக்கட்டு, புறா, சிலை. வாசித்தவன் நான். நாலெழுத்து தெரிந்தவன். எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

பட்டம் கொடுக்கிற பெரிய மண்டபத்துக்குப் போனோம். உயரமான கூரை, கலர் கண்ணாடி ஜன்னல்கள். வெயில் இல்லாததால் கண்ணாடி எல்லாம் அழுக்குப் பச்சையாகத் தெரிந்தது. ஆயிரம் நாற்காலிகளை மூலையில் அடுக்கி வைத்திருந்தார்கள். இங்கே ஒரு விசேஷம் உண்டு என்று சேவகர் சொன்னார். ஒரு மூலையில் சுவரைப் பார்த்து மெல்லப் பேசினால், எதிர் மூலையில் நிற்கிறவருக்குக் காதோடு சொன்ன மாதிரி கேட்குமாம். என்னை ஒரு மூலைக்கு அனுப்பினார். அண்ணனை எதிர் மூலையில் நிறுத்தினார்.

நான் சுவரில் காதை வைத்தேன். பிறகு அண்ணன் குரல் வந்தது, என் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி.

"கம்பவுண்டரு, இவன் இங்கன படிக்கலய்யா."

நான் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மண்டபத்தின் அந்தக் கோடியில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே நின்றார். "இருங்கண்ணே, மணி அடிக்கட்டும்" என்று சுவரிடம் சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. அண்ணன் படிக்கட்டின் ஓரத்தில் நின்று, வெளியே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். முந்நூறு பேர் வந்திருப்பார்கள். தலைப்பாகை, தொப்பி, கிராப்பு, கண்ணாடி. சிலர் எங்கள் வாழைப்பழத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கூட்டம் ஓய்ந்ததும் அவர் சேவகரிடம் போனார்.

"ஐயா, ஒரு பையன் இங்கன வந்து வந்து சுத்திப் பாப்பானா? ஒல்லியா இருப்பான். இடது புருவத்துல வெட்டுத் தழும்பு."

"தங்கவேலுவா?" என்றார் சேவகர் உடனே. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வருமே அந்தப் புள்ள! மூணு வருசமா வருது. புச்சா எதுனா சொல்லு, ஊருக்கு எழுதணும்னு கேக்கும். நானும் எத்தினி கததான் சொல்றது? உங்களுக்கு இன்னா வேணும் அது?"

"மகன்" என்றார் அண்ணன்.

சேவகர் பட்டையைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தித் தெரிந்ததைச் சொன்னார். மூன்று வருஷம் முன்னால் தங்கவேலு சேர்வதற்கு வந்தானாம். இண்டர்மீடியட் பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்டதால் சேர வழியில்லை. அந்தப் படிக்கட்டிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தானாம். சேவகர்தான் தண்ணீர் கொடுத்தாராம். இப்போது திருவல்லிக்கேணியில் ஒரு காபி கிளப்பில் சப்ளையர் வேலை.

"நல்ல புள்ள நைனா. திட்டாதீங்க" என்றார்.

அண்ணன் வாழைப்பழத்தையும், அவர் மனைவி கட்டிக் கொடுத்த முறுக்குப் பொட்டலத்தையும் சேவகர் கையில் கொடுத்தார். வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். ஒரு முழு ரூபாயையும் எடுத்து நீட்டினார். "நாங்க வந்ததா அவன்ட்டச் சொல்லிராதீக. அவன் வந்தா இன்னும் ஏதாச்சும் புதுசாச் சொல்லுங்க. அவன் எங்களுக்கு எழுதணும்ல." சேவகர் ரூபாயை வாங்கவில்லை.

எனக்கு அழுகை வந்தது. அதை இங்கே மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குத் திருவல்லிக்கேணி. சேவகர் சொன்ன தெருவில் காபி கிளப் இருந்தது. எதிரே ஒரு மூடிய கடையின் தகரத் தாழ்வாரம். மழைக்கு ஒதுங்குகிறவர்களோடு ஒதுங்கி நின்றோம். உள்ளே தங்கவேலு தெரிந்தான். அழுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேஜைக்கு மேஜை ஓடிக்கொண்டிருந்தான். யாரோ சொடக்குப் போட்டுக் கூப்பிட்டார்கள், போனான். இன்னொருவர் காபி ஆறிவிட்டது என்று கத்தினார், தலையைக் குனிந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போனான்.

"மூணு டம்ளர ஒத்தக் கையில பிடிக்கிறான் பாத்தியா?" என்றார் அண்ணன்.

"போயிக் கூப்பிடுவோம் அண்ணே. கையோட ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்."

"வேணாம். என்னையக் கண்டா அந்த எடத்துலயே செத்துருவான். அம்புட்டுப் பேரு முன்னால அவன் நிக்கணும், நானும் நிக்கணும். வேணாம் தம்பி."

"அப்பன்தானே அண்ணே, வேத்தாளா?"

"அதனாலதான்."

நான் அவர் கையை உதறிவிட்டுத் தெருவைக் கடந்திருக்கலாம். பத்தடி தூரம். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாக அப்போது பட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். மழை விட்டு, ஒதுங்கியவர்களெல்லாம் போய், நாங்கள் இரண்டு பேர் மட்டும் தனியாகத் தெரிய ஆரம்பித்ததும் கிளம்பினோம். அன்று மாலையே எழும்பூரில் ரயில் ஏறினோம். பட்டணத்தில் பார்க்க வேண்டியவை இன்னும் எத்தனையோ உண்டு என்பார்கள். நான் பார்த்தது அவ்வளவுதான்.

புதன்கிழமை. மதுரையில் மாறி, சின்ன ரயிலில் உட்கார்ந்தோம். அண்ணன் எழும்பூரிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. ஆண்டிபட்டிக் கணவாயில் ரயில் ஊர்கிறபோது வாயைத் திறந்தார்.

"தட்டு வச்சிருவோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. "ராமசாமி அண்ணன்ட்ட உண்மையச் சொல்லிப் பாப்போமே" என்றேன்.

"சொன்னா ஊரெல்லாம் தெரிஞ்சுபோகும். காபி கிளப்புல எச்சி டம்ளர் எடுக்கிறவன்னு அவன் காதுபடப் பேசுவாக. அப்புறம் எம்பிள்ள இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டான். சொல்லாம இழுத்தடிச்சா அந்தப் பொண்ணு வாழ்க்கை போகும். அது என்ன பாவம் பண்ணுச்சு?" கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "நம்ம மேல பழி வந்தா வந்துட்டுப் போகுது."

தேனியில் இறங்கிப் பித்தளைத் தட்டு ஒன்று, வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கினார். தட்டைத் தட்டிப் பார்த்து, ஓசை சரியில்லை என்று வேறு மாற்றி வாங்கினார். தேனியிலிருந்து சின்னமனூருக்குப் பஸ் சார்ஜ் நாலணா.

மாலை நாலு மணிக்கு ராமசாமி வீட்டுக்குப் போனோம். அவர் எழுந்து ஓடி வந்தார்.

"வாங்க மச்சான், இப்பிடி நனைஞ்சு வந்திருக்கீகளே! ஏத்தா ராசாத்தி, மாமாவுக்குத் தண்ணி கொண்டா. மாப்ள என்ன சொன்னாக? தையிலயே வச்சுக்கிறலாமா?"

அண்ணன் உட்காரவில்லை. தட்டை ராமசாமி முன்னால் வைத்தார்.

"உம் மகள நீ எங்க வேணும்னாலும் குடு மாப்ள. நாங்க விட்டுக்குடுத்துட்டோம்."

ராமசாமி தட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன மச்சான், வெளையாடுறீகளா?"

"பி.ஏ. படிச்சவனுக்குச் சேத்துல எறங்குற பொண்ணு எப்பிடிச் சரிப்படும்? பட்டணத்துல பெரிய எடமாப் பாக்கப் போறோம்."

வழியெல்லாம் பேசாமல் வந்தது, இதை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கத்தான் போலிருக்கிறது. அவ்வளவு திமிராக அவர் பேசி நான் கேட்டதில்லை. ராமசாமி முகம் செத்துப்போயிற்று.

"எங்க அக்கா இதச் சொல்லச் சொன்னுச்சா?"

"நான் சொல்றேன்."

"மூணு வருசமா வந்தவகள எல்லாம், எங்க அக்கா மகன் இருக்கான்னு திருப்பி அனுப்புனேன் மச்சான். இன்னைக்கு எம்பொண்ணு சேத்துப் பொண்ணாப் போச்சா?"

ராசாத்தி செம்பில் தண்ணீரோடு நிலைப்படியில் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அழவில்லை. "மாமா, ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க நெனைக்கிறது..." என்று ஒரு அடி முன்னால் வந்தாள்.

"உள்ள போ ஆத்தா" என்று ராமசாமி அதட்டினார். "இவுகட்ட நமக்கென்ன பேச்சு? தட்ட எடுத்துக்கிட்டேன். போயிருங்க. இனிமே இந்தப் படி ஏறாதீக. எங்க அக்காளும் ஏற வேணாம்."

தண்ணீர் குடிக்காமல் வெளியே வந்தோம். அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சின்னமனூரிலிருந்து கம்பம் நாலரையணா. ஏழு மணிக்கு ஊர் சேர்ந்தோம்.

தையில் ராசாத்திக்கு உத்தமபாளையத்தில் கல்யாணம் நடந்தது. சொந்த அத்தைக்கு அழைப்பில்லை. தம்பி மகள் கல்யாணத்தன்று அந்த அம்மாள் என்னிடம் வந்து, "பிள்ளை பி.ஏ. ஆகுறதுக்கு முன்னயே இந்த மனுசனுக்குத் தலை கனத்துப் போச்சு, தம்பி. எங்க அப்பன் வீட்டையே அத்துவிட்டாரு" என்று சொல்லி அழுதார். அண்ணன் முற்றத்தில்தான் இருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. ஊரும் அதையே பேசிற்று. அடுத்த வருஷம் தங்கவேலுவிடமிருந்து பாஸாகிவிட்டேன், பட்டணத்திலேயே உத்தியோகம் என்று கடிதம் வந்தது. வாசித்துக் காட்டினேன். "ரொம்பச் சந்தோசம்" என்றார். அந்தக் கடிதத்தை மறுபடி வாசிக்கச் சொல்லவில்லை.

போன வருஷம் அண்ணன் போய்விட்டார். தங்கவேலு வந்து கொள்ளி வைத்தான். திரும்பிப் போகவில்லை, வயலைப் பார்த்துக்கொள்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன வாரம் மண்வெட்டி காலில் பட்டு டிஸ்பென்சரிக்கு வந்தான். நான் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமல் தானாகவே சொன்னான்.

"சித்தப்பா, நான் பட்டணத்துல படிக்கவே இல்ல. காபி கிளப்புல வேலை பாத்தேன்."

நான் தலையை நிமிர்த்தவில்லை.

"ராசாத்திக்கு மட்டும் தெரியும். வீரபாண்டித் திருவிழாவுக்கு ரெண்டு நாள் வந்தேன்ல, அப்பச் சொன்னேன். படிப்பு கெடக்கு, நீ வந்து வயலப் பாருன்னா. தைக்கு வந்து அப்பாட்ட நானே சொல்லிக் கால்ல விழுந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனேன். அதுக்குள்ள அப்பா எதுக்கு சித்தப்பா அவள வேணாம்னாக? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"தெரியலையே தம்பி" என்றேன்.

அவன் நொண்டிக்கொண்டே போனான். அவன் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் பயணத்தை ஆரம்பத்திலிருந்து, பஸ் சார்ஜ் உட்பட, ஒன்று விடாமல் எழுதினேன். தங்கவேலு இந்தப் பத்திரிகையை வாங்கிப் படிக்கிறவன். பேரை மாற்றினாலும் இது யாரென்று அவனுக்குத் தெரியும்.

தம்பி, உன் அப்பா உன்னைக் கேட்க வந்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மணி நேரம் நின்று உன்னைப் பார்த்தார். நீ வெட்கப்படக் கூடாது என்று திரும்பி வந்தார். கூட நின்ற நானும் தடுக்கவில்லை, ராசாத்தி பேச வந்தபோது பேசவிடுங்கள் என்று சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் உனக்குக் கட்டு மாற்ற வேண்டும். என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் வந்து திட்டு. வராமல் மட்டும் இருந்துவிடாதே.